கணக்குக்கு ஒரு மாலை நேரம்

தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம் வட்டாரப் பிள்ளைகளின் கல்வியைப் பற்றிப் பேசப் புகுகிறவர்கள் பள்ளிக் கட்டடத்தைப் பற்றியும், ஆசிரியர் எண்ணிக்கையைப் பற்றியும், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தைப் பற்றியும் விரிவாகப் பேசுகிறார்களே தவிர, ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ படிக்கிற ஒரு குழந்தை மாலையில் வீடு திரும்பிக் கணக்கு நோட்டைப் பிரித்து உட்காரும்போது, சந்தேகம் வந்தால் கேட்பதற்கு அதற்கு யார் இருக்கிறார்கள் என்று விசாரிப்பதில்லை. இந்தக் கேள்விக்கு விடை காணாதவரையில் மற்ற ஏற்பாடுகள் யாவும் பாதிப் பிரயோஜனமே தரும் என்பது என் திடமான அபிப்பிராயம். நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் மாலையில், அவரவர் ஊரிலேயே, அரசின் பொறுப்பில், கணக்குக்கென்று ஒரு துணை நிரந்தரமாக அமைய வேண்டும் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான தருமபுரி, 2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி எழுத்தறிவில் தமிழ்நாட்டு மாவட்டங்களுள் கடைசியில் நின்றது. மாநிலம் முழுவதற்கும் எழுத்தறிவு நூற்றுக்கு 80.09 ஆக இருக்க, இம்மாவட்டத்தில் 68.54 ஆகவே இருந்தது. அன்றைக்கு எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று குறிக்கப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே இன்று நமது நடுநிலைப் பள்ளிகளின் பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டியும் மீன் பிடித்தும் ஜீவிக்கிற குடும்பங்கள், பெங்களூரில் கட்டட வேலைக்கும் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கும் போய்விட்டுப் பண்டிகைக்கு ஊர் திரும்புகிற தாய் தகப்பன்மார், வீட்டு வாசலில் உட்கார்ந்து கிலோவுக்கு இவ்வளவு என்று கூலிக்குப் புளி தட்டிக் கொட்டை நீக்குகிற பெண்கள் என்று பலவகையாக அமைந்த இவ்வட்டாரத்தில், ஆயாவின் பாதுகாப்பில் வளருகிற பிள்ளைகள் ஏராளம். இந்தப் பிள்ளைகளிடம் நாம் கொடுத்தனுப்புகிற வீட்டுப்பாடமோ, வீட்டில் படித்த தாயும் ஓய்வுள்ள தகப்பனும் இருப்பதாகப் பாவித்துக்கொண்டு வகுக்கப்பட்டதாகவே இருக்கிறது.

மூன்று வகுப்புகளை மட்டும் விசேஷமாக எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. ஐந்தாம் வகுப்புவரையில் கணக்கு என்பது கண்ணால் காணத்தக்க பொருள்களோடு ஒட்டி நடக்கிறது. ஆறாம் வகுப்பில் மீப்பெரு பொதுக் காரணியும் மீச்சிறு பொது மடங்கும், விகிதமும் விகித சமமும், முழுக்களும் வந்து சேருகின்றன. எண்ணுக்குப் பதிலாக ஓர் எழுத்தை வைத்துப் பேசும் இயற்கணிதம் தலை காட்டுகிறது. எட்டாம் வகுப்புக்குள் விகிதமுறு எண்களும் வர்க்க மூலமும் வந்துவிடுகின்றன. இவற்றுள் ஒவ்வொன்றும் முந்தைய வகுப்புகளின் பாடத்தை அஸ்திவாரமாகக் கொண்டு நிற்பதனால், மூன்றாம் வகுப்பில் வகுத்தல் பிடிபடாமல் போன பிள்ளைக்கு ஏழாம் வகுப்பில் பின்னம் பிடிபடாது. பின்னம் பிடிபடாதவனுக்குச் சமன்பாடு வெறும் கோலமாகத் தோன்றும். தொடக்க வகுப்புகளுக்கென்று ‘எண்ணும் எழுத்தும்’ இயக்கம் 2022இல் ஆரம்பிக்கப்பட்டது. பத்தாம் வகுப்புக்குப் பொதுத் தேர்வு என்ற பயமே ஒரு கவனத்தை ஈட்டிக் கொடுக்கிறது. இடையிலுள்ள மூன்று வருஷங்களில்தான், தேர்வில் தவறினாலும் வகுப்பு ஏறிவிடலாம் என்ற நிலையில், ஒரு குழந்தை கணக்கிலிருந்து மெல்ல மெல்ல, ஒருவருக்கும் தெரியாமல் விலகிப் போகிறது. வகுப்பில் நிறுத்தி வைப்பதை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிள்ளையைத் தடுத்து நிறுத்துவது அதற்குக் கற்பித்தது ஆகாது. ஆனால் மேல் வகுப்புக்கு அனுப்புகிற அரசு, அங்கே போய் நிற்பதற்கு வேண்டிய பலத்தையும் கூடவே கொடுத்தனுப்பக் கடமைப்பட்டிருக்கிறது.

தவறு எங்கே பிறக்கிறது என்பதைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். 503இலிருந்து 267ஐக் கழிக்கச் சொன்னால், ஏழாம் வகுப்பிலும் சில பிள்ளைகள் 364 என்று எழுதுவார்கள். ஆசிரியர் சிவப்பு மையால் அதை அடித்துவிட்டுச் சரியான விடை 236 என்று எழுதிக் கொடுப்பார். பிள்ளையும் அதைப் பார்த்து எழுதிக்கொள்ளும். அத்துடன் காரியம் முடிந்தது. ஆனால் அந்த 364 கவனமின்மையால் வந்த விடையன்று. 3இலிருந்து 7 போகாது என்று கண்ட பிள்ளை, 7இலிருந்து 3ஐக் கழித்து 4 என்று போட்டிருக்கிறது. 0இலிருந்து 6 போகாதாகையால் 6 என்று போட்டிருக்கிறது. 5இலிருந்து 2 போக 3. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று எப்போதோ காதில் விழுந்த ஒரு விதியை அது சிரத்தையோடு கைக்கொண்டிருக்கிறது. பக்கத்திலுள்ள இலக்கம் பூஜ்யமாக இருந்தால் கடன் வாங்குவது எப்படி என்பது மட்டுமே அதற்குத் தெரியாத விஷயம். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, ஐந்து நூறு ரூபாய் நோட்டையும் மூன்று ஒரு ரூபாய்க் காசையும் வைத்து, “ஒரு நூறை மாத்தினா எத்தனை பத்து ரூவா வரும்? அதுல ஒரு பத்தைச் சில்லறையா மாத்தினா, மீதி எத்தனை பத்து இருக்கும், சொல்லு கண்ணு” என்று கேட்டு, நான்கு நூறும் ஒன்பது பத்தும் பதின்மூன்று ஒன்றும் என்று அந்தப் பிள்ளையின் வாயாலேயே வரவழைப்பாரானால், நான்கு வருஷமாக நிலைத்திருந்த பிழை சிறிது நேரத்தில் நீங்கிவிடும். அவ்வாறு உட்காருவதற்கு வேண்டிய அவகாசம் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடத்தை முடிக்க வேண்டிய ஆசிரியருக்கு வகுப்பறையில் கிடைப்பது அரிது. மாலை நேரத்தின் அவசியம் இங்கேதான் பிறக்கிறது.

அந்த மாலை நேரத்தை இப்பொழுது நாம் எவ்விதம் செலவிடச் செய்கிறோம்? பயிற்சியிலுள்ள பத்துக் கணக்குகளையும் போட்டு வா என்று சொல்லியனுப்புகிறோம். வீட்டில் துணை உள்ள பிள்ளை போட்டு வருகிறது. காசு உள்ள வீட்டுப் பிள்ளை டியூஷனில் போட்டு வருகிறது. இரண்டும் இல்லாத பிள்ளை கைடைப் பார்த்து எழுதுகிறது, அல்லது காலையில் பிரார்த்தனைக்கு மணி அடிப்பதற்கு முன்னால் இன்னொருவன் நோட்டைப் பார்த்து அவசர அவசரமாக எழுதிக்கொள்கிறது. நோட்டில் பத்து விடைகளும் சரியாகவே இருக்கின்றன, ஆசிரியரும் கையெழுத்திடுகிறார். அந்தப் பத்துக் கணக்குகளால் அந்தப் பிள்ளைக்கு வந்த லாபம் யாதொன்றுமில்லை, நஷ்டமோ பெரிது. புரியாததைப் புரிந்தாற்போல் காட்டிக்கொள்ளும் பழக்கமும், தனக்குக் கணக்கு வராது என்ற ஒரு வித அவநம்பிக்கையும் அதன் மனத்தில் வேரூன்றி விடுகின்றன. வீட்டுப்பாடம் ஒரு குழந்தையின் உழைப்பை அளக்க வேண்டுமேயன்றி, அதன் பெற்றோரின் படிப்பையும் பணப்பையையும் அளக்கக்கூடாது.

இதைச் சொன்னவுடன், படிக்காத வீடுகளிலிருந்து கணக்குக்கு எந்த உதவியும் வராது என்று முடிவு கட்டிவிடுவதும் நியாயமன்று. பள்ளிக்கூடத்து வாசலையே மிதித்திராத ஒரு மூதாட்டி, வாரச் சந்தையில் எத்தனை கிலோப் புளிக்கு எத்தனை ரூபாய் என்பதையும், கொடுத்தது போக மீதி எவ்வளவு என்பதையும் மனக்கணக்காகவே பைசா பிசகாமல் சொல்லிவிடுவதை இவ்வட்டாரத்தில் எவரும் பிரத்தியட்சமாகக் காணலாம். 618ஐ 6ஆல் வகுக்கச் சொன்னால், இடையிலுள்ள பத்தின் இடத்தில் பூஜ்யம் போட வேண்டும் என்பதை மறந்து 13 என்று விடை எழுதுகிற பிள்ளைகள் பலர். அதே கணக்கை ஆயாவிடம் சொல்லிப் பார்க்கட்டும். “ஆறு பேருக்கு அறுநூத்திப் பதினெட்டு ரூவா கூலின்னா, ஆளுக்குப் பதிமூணு ரூவாதானா? நூறு ரூவாய்க்கு மேல வருமே!” என்று அவர் தயங்காமல் சொல்லிவிடுவார். ஏட்டில் வகுத்தல் அறியாத அந்த முதியவருக்கு, விடை எந்த அளவில் இருக்க வேண்டும் என்ற மதிப்பீடு சித்தியாகியிருக்கிறது. ஏட்டில் வகுக்கப் பழகிய பேரப்பிள்ளைக்கோ அது இன்னும் கைகூடவில்லை. இந்த இரண்டு ஞானங்களையும் ஒன்று சேர்க்கிற விதத்தில் வீட்டுப்பாடம் அமையுமானால், ‘இந்த விடை நியாயமாகப் படுகிறதா என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டு வா’ என்று ஒரு வரி அதில் சேருமானால், படிக்காத வீடும் பாடத்துக்குத் துணையாகும். பெரியவர்களுக்கும் பிள்ளைகளின் படிப்பில் ஓர் உரிமை பிறக்கும்.

எனினும் ஆயாவின் மனக்கணக்கு விகிதமுறு எண்கள் வரையில் வராது. அதற்கு, அந்தப் பாடத்தைத் தானே சமீபத்தில் படித்துக் கடந்து வந்த ஓர் இளைஞரோ யுவதியோ வேண்டும். அத்தகையதோர் ஏற்பாட்டைத் தமிழ்நாடு ஒரு முறை செய்து காட்டியிருக்கிறது. பெருந்தொற்றினால் பள்ளிகள் நெடுங்காலம் மூடிக் கிடந்த பிறகு, 2021ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் தேதி விழுப்புரம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்ட ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டம், 1ஆம் வகுப்பு முதல் 8ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு மாலை 5 மணியிலிருந்து 7 மணிக்குள் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் அவரவர் குடியிருப்பிலேயே பாடம் சொல்லிக் கொடுக்கத் தன்னார்வலர்களை அமர்த்தியது. தொடக்க வகுப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களும், 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்குப் பட்டம் பெற்றவர்களும் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையாக வழங்கப்பட்டது. திண்ணையிலும், சமுதாயக் கூடத்திலும், கோவில் மண்டபத்திலும், மர நிழலிலும் பிள்ளைகள் கூடிப் படித்ததை ஊர் ஜனங்கள் கண்டார்கள். சொல்லிக் கொடுத்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்கள் என்பதும், பட்டம் பெற்றும் வீட்டோடு இருந்துவிட்ட அவர்களுடைய படிப்பு அவ்விதம் ஊருக்குப் பயன்பட்டது என்பதும் நினைவில் வைக்கத்தக்கவை.

இதனால் பலன் விளைந்ததா என்பதை ஊகத்துக்கு விடவேண்டிய அவசியமும் இல்லை. அபிஜீத் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்னும் பொருளாதார அறிஞர் மூவர், தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 சிறு குழந்தைகளைத் தொடர்ந்து சோதித்து ஆராய்ந்தார்கள். பள்ளி மூடியிருந்ததால் மொழியில் நேர்ந்த இழப்பைக் காட்டிலும் கணக்கில் நேர்ந்த இழப்பு அதிகம் என்றும், பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் விளைந்தது என்றும் அவர்கள் கண்டார்கள். இதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே மும்பையிலும் வடோதராவிலும் ‘பிரதம்’ என்ற தொண்டு நிறுவனம், 3ஆம் 4ஆம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே அழைத்து, அந்தந்தப் பகுதி இளம் பெண்களைக் கொண்டு நாள்தோறும் இரண்டு மணி நேரம் அடிப்படைப் பாடங்களைச் சொல்லிக் கொடுக்கச் செய்தது. பின்னாளில் 2019இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்ளோவும் அம்முயற்சியைப் பரிசோதித்து, பிள்ளைகளின் தேர்ச்சி உயர்ந்ததை நிரூபித்தார்கள். இரண்டிடத்திலும் பலன் தந்தது விலையுயர்ந்த சாதனம் எதுவுமன்று; பிள்ளை நிற்கிற இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்குகிற ஒரு மனிதரின் அன்றாட அண்மையே பலன் தந்தது.

இந்த யுக்தி நம் நாட்டுக்குப் புதிதுமன்று. பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடியை மனனம் செய்வித்த காலத்தில், உபாத்தியாயர் ஒருவரே எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்க இயலாதாகையால், மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குக் கற்பிக்கும் வழக்கம் இருந்தது. 1789இல் சென்னை எழும்பூரிலிருந்த ராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார், இந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, தம் இல்லத்திலும் அதைக் கைக்கொண்டு, மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கச் செய்து, அவ்வனுபவத்தை 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில், அவருடைய செல்வத்தைக் கொண்டு நிறுவப்பட்ட பள்ளி இன்றைக்கும் மெட்ராஸ் காலேஜ் என்றே அழைக்கப்படுகிறது. திண்ணைப் பள்ளியின் பிரம்படியும், பொருள் அறியாமல் ஒப்பிக்கும் பழக்கமும், பெண்களையும் ஒடுக்கப்பட்டவர்களையும் வெளியே நிறுத்திய கொடுமையும் திரும்ப வரவேண்டியவை அல்ல. சற்று முன்னே போனவர் சற்றுப் பின்னே வருகிறவருக்குக் கை கொடுப்பது என்ற ஒரு குணத்தை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்வோம்.

இதற்கு ஆட்சேபங்கள் எழக்கூடும். கற்பிப்பது ஆசிரியரின் தொழிலாயிற்றே, தன்னார்வலரை நுழைப்பதால் ஆசிரியர் நியமனத்தை அரசு தள்ளிப் போடாதா என்று சிலர் கேட்கலாம். இந்தப் பயம் நியாயமானது. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு, வகுப்புக்கு ஒருவராவது இருக்கும்படியும், அறிவியலுக்கும் கணக்குக்கும் உரியவர் அவர்களுள் இருக்கும்படியும் ஆசிரியர் வேண்டும் என்று விதிக்கிறது. அந்த விதி ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலும் நிறைவேற வேண்டும். மாலைத் துணை அதற்குப் பதிலாகாது. கைப்பேசியில் காணொளி கிடைக்கும்போது ஆள் எதற்கு என்று வேறு சிலர் கேட்கலாம். காணொளி நன்றாகவே விளக்குகிறது. ஆனால் 364 என்று எழுதிய பிள்ளையின் நோட்டைப் பார்த்து, நீ ஏன் இப்படிப் போட்டாய் என்று அது கேட்பதில்லை. 2025–26ஆம் கல்வியாண்டில் 6 முதல் 9 வரையுள்ள வகுப்புகளில் அடிப்படைத் திறன் குறைந்த பிள்ளைகளுக்கென்று ‘திறன்’ இயக்கம் பள்ளி நேரத்திலேயே தொடங்கப்பட்டிருப்பது வரவேற்கத்தக்கது. பகலில் அங்கே ஊன்றியதற்கு மாலையில் அப்யாசம் வேண்டும்; இன்றைக்குப் புரிந்த கணக்கு நாளைக்கும் நாளை மறுநாளைக்கும் போட்டுப் பார்த்தாலன்றி நிலைக்காது.

ஆகவே நான் வேண்டுவன இவை. முதலாவது, வீட்டுப்பாடத்தில் கணக்கின் எண்ணிக்கை குறைந்து தரம் உயர வேண்டும். அன்றைய பாடத்திலிருந்து ஒன்று, சென்ற வாரத்துப் பாடத்திலிருந்து ஒன்று, கீழ் வகுப்பின் அடிப்படையிலிருந்து ஒன்று என்று மூன்று கணக்குகள் போதும். மறுநாள் வகுப்பின் முதல் பத்து நிமிஷத்தில், விடை தவறியவர்களை வையாமல், தவறு பிறந்த இடத்தை எல்லோரும் கூடி ஆராய வேண்டும். இரண்டாவது, தொடக்க ஆண்டுகளில் இருந்த விரிவு பின்னாளில் சுருங்கிவிட்ட மாலை வகுப்புகளை, பென்னாகரம் ஒன்றியத்தைப் போன்ற பின்தங்கிய பகுதிகளில் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கென்றே புதுப்பித்து, ஊக்கத்தொகையைக் கௌரவமான அளவுக்கு உயர்த்தி, சொல்லிக் கொடுப்பவர்களுக்கு அந்தந்தப் பள்ளியின் கணக்கு ஆசிரியரே மாதந்தோறும் வழி காட்டும்படி செய்ய வேண்டும். மூன்றாவது, பெண் பிள்ளைகள் இருட்டுவதற்கு முன் பத்திரமாக வீடு சேரும்படி, இடம் குடியிருப்புக்கு நடுவிலும் விளக்கு வசதியோடும் இருக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவிலுள்ள தாய்மார்கள் இதை மேற்பார்வை செய்ய முடியும். அந்த அதிகாரம் அவர்களுக்கு உண்டு.

மலைக் கிராமங்களின் நிலை தனியே கருதத்தக்கது. பென்னாகரம் தொகுதியைச் சேர்ந்த கோட்டூர் மலைக்கு, சாலை இல்லாத காலத்தில், தேர்தல்தோறும் வாக்குப் பதிவு இயந்திரங்களைக் கழுதைகளின் மேல் ஏற்றிக் கொண்டு போய்ச் சேர்த்தார்கள். ஒரு சில நூறு வாக்காளர்களின் உரிமை வீணாகக்கூடாது என்று அத்தனை சிரமம் எடுத்துக்கொண்ட அரசு இயந்திரம் மெச்சத்தக்கது. அதே ஊர்களின் பிள்ளைகளுக்கும் கணக்கில் கை கொடுப்பதற்கு ஒருவரை நியமிப்பது அதைவிடக் கடினமான காரியமாக இருக்க முடியாது. மலையிலேயே பிறந்து, கீழே வந்து படித்துத் திரும்பியவர் ஒருவர் கிடைத்தால் அவரையே அமர்த்தலாம்.

இதில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும், கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டத்துக்கும், 6ஆம் வகுப்பு முதல் படித்த வருஷங்களையே அரசு கணக்கில் கொள்கிறது. 8ஆம் வகுப்பில் எழுதுகிற தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வில் தேறிய பிள்ளைக்கு, 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. நான்கு வருஷத்தில் 48,000 ரூபாய் என்பது, பிள்ளையை வேலைக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிற ஒரு கூலிக் குடும்பத்தின் தீர்மானத்தையே மாற்றிவிடக் கூடிய தொகை. குழந்தைத் திருமணம் இன்னும் முற்றாக ஒழியாத மாவட்டத்தில், எட்டாம் வகுப்பில் கணக்குக்குப் பயந்து படிப்பை வெறுக்கத் தொடங்குகிற பெண்ணின் கதி யாதாகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்க 2024இல் நடந்த ‘அசர்’ ஆய்வின்படி, இந்தியக் கிராமங்களில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுள் மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. இந்த நிலையைப் பொதுவான துயரமாகக் கருதிப் பெருமூச்சு விடுவதால் ஒன்றும் ஆகாது. ஊர் ஊராகத் தீர்க்க வேண்டிய வேலை இது.

வட்டாரம் தோறும் இதற்குத் தொடக்கம் செய்யக்கூடிய சபை, கிராம சபையே. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடுகிற அந்தச் சபையில், சாலையையும் குடிநீரையும் கேட்கிற அதே குரலில், ‘எங்கள் ஊரில் 6 முதல் 8 வரை படிக்கிற பிள்ளைகளுக்கு மாலைக் கணக்கு வகுப்பு வேண்டும், இடத்தை ஊராட்சி தரும், சொல்லிக் கொடுப்பவருக்கு ஊதியத்தை அரசு தரட்டும்’ என்று ஒவ்வொரு ஊராட்சியும் தீர்மானம் நிறைவேற்றட்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும் கையுயர்த்தி நிறைவேற்றக்கூடிய தீர்மானம் அது. தங்கள் பிள்ளைகளின் கணக்குக்கு அவர்கள் நேரே செய்யக்கூடிய உதவிகளுள் அதைவிடப் பெரியது வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.